சைக்கிள் சீட்: அகலம் அளந்து வாங்கியதும், அப்பாவின் தோல் சீட்டை மீட்டதும்

புது கியர் சைக்கிளோடு வந்த சீட்டில் உட்கார்ந்து கொழிஞ்சாம்பாறையிலிருந்து சித்தூருக்கு (ஆந்திராவில் இருப்பது இல்லை, நம் பாலக்காட்டுச் சித்தூர்) வேலைக்குப் போய்வர ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே இரண்டு தொந்தரவு வந்தது. ஒன்று, உட்காரும் இடத்தில் வலி. இன்னொன்று, அதைவிட மோசம், இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்துப்போவது. வலி பழகிவிடும் என்பார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது, புதிதாக ஓட்ட ஆரம்பிப்பவர்களுக்கு முதல் சில வாரம் எலும்பின் மேல் இருக்கிற சதை நோகத்தான் செய்யும், அப்புறம் அடங்கிவிடும். மரத்துப்போவது அப்படி இல்லை. அந்த இடத்தில் போகிற நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குகின்றன என்பதற்கு அது அடையாளம், அதைப் பழக்கிக்கொள்ளவே கூடாது. ஆண், பெண் இரண்டு பேருக்கும் வரும். யாரும் வெளியே சொல்வதில்லை, கடையில் கேட்கவும் கூச்சம், கடைசியில் சைக்கிளைத் திண்ணையில் சாத்திவிட்டு ஸ்கூட்டருக்குப் போய்விடுகிறார்கள். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

பக்கத்து மெக்கானிக் அண்ணனிடம் சொன்னபோது, "ஜெல் கவர் ஒண்ணு மாட்டிருங்க அம்மிணி, மெத்து மெத்துன்னு இருக்கும்" என்றார். இங்கே எல்லாக் கடையிலும் முதலில் வருகிற யோசனை இதுதான். கடைக்குள் நின்று விரலால் அமுக்கிப் பார்த்தால் சுகமாகத்தான் தெரியும். ஆனால் நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பெலும்பின் அடியில் இருக்கிற இரண்டு முனைகள், வேறெதுவும் இல்லை. கெட்டியான திண்டில் உட்கார்ந்து உள்ளங்கையைக் கீழே வைத்துப் பார்த்தால் அந்த இரண்டு குமிழும் கைக்குத் தட்டுப்படும். சீட் அளவுக்கு மீறி மென்மையாக இருந்தால் இந்த இரண்டு முனையும் பஞ்சுக்குள் புதைந்துவிடும், புதையப் புதைய நடுவில் இருக்கிற பஞ்சு மேலே பிதுங்கிக்கொண்டு வந்து எந்த இடத்தில் எதுவும் படக்கூடாதோ சரியாக அந்த இடத்தை அழுத்தும். அரை மணி நேர ஓட்டத்துக்குள் மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். கடைக்குப் போய்வருகிற பத்து நிமிடத்துக்கு ஜெல் கவர் பரவாயில்லை, தினமும் சித்தூர் போய்வருவதற்கு ஆகாது.

சரி, முதலில் அளவு எடுத்தேன். இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். டிவி, மிக்சி வருகிற அட்டைப்பெட்டியில், உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கிற தடித்த அட்டையாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டி, சிமென்ட் படிக்கட்டில் வைத்து, மெல்லிய துணி உடுத்திக்கொண்டு அதன் மேல் உட்கார வேண்டும். காலுக்குக் கீழே ஒரு செங்கல்லோ மனையோ வைத்து முழங்காலை இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, ஹேண்டில் பிடிக்கிற மாதிரி முன்னால் லேசாகச் சாய்ந்து, முழு எடையையும் கொடுத்து ஒரு நிமிடம் இருந்துவிட்டு எழுந்தால் அட்டையில் இரண்டு குழி விழுந்திருக்கும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டினால் நன்றாகத் தெரியும், தெரியாவிட்டால் சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே லேசாகத் தேயுங்கள். குழிகளின் மையத்துக்கு மையம் அளக்க வேண்டும், ஓரத்துக்கு ஓரம் அல்ல. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 100 முதல் 140 மி.மீ. வரைக்குள் வரும். எனக்கு 122 வந்தது, அப்பாவுக்கு 112. பொதுவாகப் பெண்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் உயரத்தையோ உடம்பையோ பார்த்து இதை ஊகிக்க முடியாது. ஒல்லியாக இருப்பவருக்கு அகலமும் பருமனாக இருப்பவருக்குக் குறுகலும் தாராளமாக வரலாம், அளந்துதான் தீரவேண்டும்.

இந்த எண்ணோடு இன்னும் கொஞ்சம் கூட்டினால்தான் சீட்டின் அகலம் கிடைக்கும், ஏனென்றால் எல்லாச் சீட்டும் ஓரத்தில் சரிந்து இறங்கும், எலும்பு அந்தச் சரிவில் விழாமல் தட்டையான இடத்தில் உட்கார வேண்டும். நன்றாக முன்னால் குனிந்து ஓட்டுபவர்களுக்குக் கூட்டுவது குறைவு. ஓரளவு சாய்ந்து ஓட்டுபவர்கள் 20 மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் கூட்டலாம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுபவர்களுக்கு 30-க்கும் மேலே போகும், ஏனென்றால் நிமிர நிமிர இடுப்பு பின்னால் சாய்ந்து எலும்பின் அகலமான பின்பகுதி சீட்டில் படிகிறது. குனியக் குனிய இடுப்பு முன்னால் உருண்டு எலும்பின் குறுகலான முன்பகுதியில் எடை ஏறுகிறது. என் கணக்குக்கு 145 மி.மீ. பக்கத்தில் வந்தது. சைக்கிளோடு வந்த சீட்டை அளந்தால் மொத்த அகலமே 138, அதிலும் இரண்டு ஓரமும் உருண்டை, மேலே கட்டைவிரல் தடிமனுக்கு ஃபோம். எலும்பு நிற்க இடமே இல்லாததால் எடை முழுக்க நடுவில்தான் இறங்கியிருக்கிறது.

பொதுவான அறிவுரையில் வராத ஒரு விஷயம் எங்கள் ஊருக்கு உண்டு. பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கிற வாசல் இது, கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டிருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும், காலையில் மேற்கே சித்தூருக்குப் போகும்போது அது நேரே முகத்தில். கார்த்திகை, மார்கழியில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று, அப்போது சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழி முழுக்க எதிர்காற்று. எதிர்காற்றில் யாருமே நிமிர்ந்து ஓட்ட முடியாது, தானாகவே குனிந்துவிடுவோம். ஆக ஒரே சாலையில், ஒரே நாளில், போகும்போது ஒரு இருப்பு, வரும்போது வேறொரு இருப்பு. கடையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துச் "சுகமா இருக்கு" என்று வாங்குகிற அகலச் சீட், குனிந்து மிதிக்கும்போது தொடையின் உள்பக்கத்தை அறுக்கும், முன்மூக்கு அழுத்தும். அதனால் இங்கே ஓட்டுகிறவர்கள் சீட் பார்க்கும்போது கட்டாயம் இரண்டு மாதிரியும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையை ஹேண்டிலில் கீழே வளைத்துப் பிடித்து, முழங்கையை மடக்கி, எதிர்காற்றில் மிதிப்பது போலவே. கடைக்காரர் பார்த்துவிட்டுப் போகட்டும்.

நான் எடுத்தது 145 மி.மீ. அகலம், பின்பகுதி ஏறக்குறைய தட்டை, நடுவில் மூக்கு வரைக்கும் ஓடுகிற பள்ளம், ஃபோம் கெட்டி ரகம். கட்டைவிரலால் பலமாக அமுக்கினால்தான் கொஞ்சம் இறங்கும். நடுப்பள்ளம் எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன், சிலருக்கு அதன் ஓரமே உறுத்தும். எனக்குக் குனிந்து ஓட்டும்போது மரத்துப்போவது நின்றதற்கு அகலமும் பள்ளமும் சேர்ந்துதான் காரணம் என்று நினைக்கிறேன். சீட்டின் அடியில் இருக்கிற இரண்டு கம்பி இப்போது பெரும்பாலும் 7 மி.மீ. உருட்டுக் கம்பிதான், ஆகவே ஒரு கம்பெனி சீட் இன்னொரு கம்பெனி சைக்கிளில் தயங்காமல் உட்காரும்.

சீட் வாங்குவது பாதி வேலைதான். நல்ல சீட்டைத் தப்பான கோணத்தில் மாட்டிவிட்டு "இதுவும் சரியில்லை" என்று தூக்கிப்போட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். பழைய சீட்டைக் கழற்றும் முன்பு போஸ்ட் (சீட்டைத் தாங்கிக்கொண்டு ஃபிரேமுக்குள் இறங்குகிற குழாய்) எந்த உயரத்தில் இருக்கிறது என்று கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள், திரும்பி வருவதற்கு ஓர் இடம் வேண்டும். போஸ்ட்டை முழுக்க வெளியே எடுத்து, துடைத்து, மெல்லிசாகக் கிரீஸ் தடவி மறுபடி இறக்கினேன். இரும்பு, அலுமினியம் எதுவானாலும் வருஷக்கணக்கில் கழற்றாமல் விட்டால் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளேயே பிடித்துக்கொள்ளும், பிறகு எடுப்பது பெரும்பாடு. (கார்பன் ஃபிரேமோ கார்பன் போஸ்ட்டோ வைத்திருப்பவர்கள் சாதாரணக் கிரீஸ் போடக்கூடாது, அதற்கென்று தனிப் பேஸ்ட் இருக்கிறது.) போஸ்ட்டில் குறைந்தபட்ச அளவுக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு எப்போதும் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும், வெளியே தெரிந்தால் ஃபிரேமே விரிசல் விடலாம்.

உயரத்துக்கு ஒரு எளிய வழி. சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்கு இறக்கி, குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் முழுக்க நீண்டிருக்க வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. அப்புறம் வழக்கம்போலப் பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்காலில் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும். நம் ஊரில் பாதிப் பேர் சீட்டைத் தாழ்த்தி வைத்துத்தான் ஓட்டுகிறார்கள், நின்றால் இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்பதற்காக. தாழ்ந்த சீட்டில் கால் எடையைத் தாங்குவதில்லை, எல்லா எடையும் உட்காரும் இடத்துக்கே போகிறது, முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும். ரொம்ப உயர்த்தினால் இடுப்பு இடமும் வலமும் ஆடி ஆடி உராய்ந்து தோல் உரியும், முழங்காலுக்குப் பின்னால் இழுக்கும்.

கோணத்துக்குப் போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் ஆப் போதும், ஆனால் முதலில் தரையைப் பாருங்கள். எங்கள் வாசல் சிமென்ட், தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகப் போட்டது. இரண்டு சக்கரமும் நிற்கிற இடத்துக்கு நடுவே தரையில் ஒரு நீளப் பலகை போட்டு அதன் மேல் போனை வைத்து வருகிற எண்ணைக் குறித்துக்கொண்டு, அப்புறம் சீட்டின் மேல் ஒரு தட்டை அட்டை வைத்துப் பார்த்து, வித்தியாசத்தைக் கணக்குப் பண்ண வேண்டும். மட்டமாக ஆரம்பித்து, ஒரு தடவைக்கு ஒரு டிகிரிக்கு மேல் மாற்றாமல் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு மூக்கு ஒரு டிகிரி கீழே நின்றது. அழுத்துகிறதே என்று மூக்கை நிறையக் கீழே இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கிக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்கக் கை ஊன்ற வேண்டிவரும், வலி உட்காரும் இடத்திலிருந்து மணிக்கட்டுக்கும் தோளுக்கும் குடிபோகும். முன் பின் நகர்த்துவதும் அப்படியே. உள்ளங்கை மரத்தால் சீட்டைச் சில மி.மீ. பின்னால் தள்ளிப் பார்க்கலாம், ஆனால் பின்னால் தள்ளும்போது பெடலுக்கும் சீட்டுக்கும் தூரம் கூடுகிறது என்பதால் உயரத்தை ஒரு துளி குறைக்க வேண்டிவரும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

உடுப்பையும் சொல்லிவிடுகிறேன். ஜீன்ஸில் நான்கு தையல் சந்திக்கிற முடிச்சு சரியாக எலும்புகளுக்கு நடுவில்தான் வரும், அதைப் போட்டுக்கொண்டு எந்தச் சீட்டையும் குறை சொல்லாதீர்கள். சுடிதார் பேண்ட்டில் அந்த இடத்தில் சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொன்னால் தையல் ஓரத்துக்குப் போய்விடும், எங்கள் தையற்கார அக்கா கேள்வி கேட்காமல் தைத்துக் கொடுத்தார். நீண்ட ஓட்டத்துக்குப் பேட் வைத்த ஷார்ட்ஸ் நல்லது, அதற்குள் ஜட்டி போடக்கூடாது, ஒவ்வொரு முறையும் துவைத்தே போட வேண்டும்.

இது முடிந்த கையோடு அப்பாவின் ஹெர்குலிஸை இறக்கினேன். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூரில் செய்து அனுப்பிய அந்தக் கறுப்பு வண்டிகள் எங்கள் பக்கத்தில் இன்னும் பால் சுமக்கின்றன. அப்பாவின் வண்டியில் இருப்பது பழைய தோல் சீட், கீழே பெரிய சுருள் ஸ்பிரிங். ஒரே தோலை முன்னாலும் பின்னாலும் இரும்புச் சட்டத்தில் ரிவெட் அடித்துத் தொட்டில் மாதிரி இழுத்துக் கட்டுகிற இந்த வகைக்குப் பெயர்போனது இங்கிலாந்தின் ப்ரூக்ஸ், 1866-ல் பர்மிங்காமில் தோல் பட்டறையாகத் தொடங்கி 1882-ல் சைக்கிள் சீட்டுக்குக் காப்புரிமை வாங்கிய கம்பெனி. இதில் பஞ்சே கிடையாது. ஓட்ட ஓட்டத் தோல் உட்காருகிறவரின் எலும்புக்கு ஏற்ற இடத்தில் பள்ளம் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் அடுத்தவர் வருஷக்கணக்கில் ஓட்டிய தோல் சீட் நமக்குப் பெரும்பாலும் ஒத்துவராது, அப்பாவுக்கோ அதைத் தவிர வேறெதுவும் ஒத்துவராது. புது ரெக்சின் சீட் போடலாமா என்று கேட்டதற்கு, "அதைத் தொடாதே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ரிவெட் எல்லாம் உறுதி. தோலின் அடிப்பக்கம் வறண்டு, சாம்பல் நிறத்தில் பூஞ்சை. நடு தொய்ந்து சட்டத்தின் கம்பியைத் தொடுகிற நிலை. பக்கவாட்டு இரண்டும் வெளியே விரிந்து தொடையில் தேய்கிறது. மூக்குக்கு அடியில் தோலை இறுக்குகிற நட் துருப்பிடித்து அசையவில்லை. நட்டைச் சுற்றி மட்டும் படும்படி, தோலுக்குப் பழந்துணி திணித்துவிட்டு, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி வைத்தேன். காலையில் ஸ்பேனருக்கு அசைந்தது. இங்கேதான் பொறுமை வேண்டும். கால் சுற்று, பிறகு கட்டைவிரலால் நடுவில் அமுக்கிப் பார்ப்பது, போதாவிட்டால் மறுபடி கால் சுற்று. முழுத் தொய்வையும் நட்டிலேயே எடுத்துவிட நினைத்தால் தோல் ரிவெட் ஓட்டையிலிருந்து கிழியும், அதற்கு அப்புறம் வைத்தியம் இல்லை. ஈரமாக இருக்கும்போது இறுக்கவே கூடாது.

மீதித் தொய்வை வேறு வழியில் எடுத்தேன். செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோய்ச் சீட்டின் இரண்டு பக்கத் தொங்கலிலும், ஓரத்திலிருந்து ஒரு செ.மீ. உள்ளே, நேருக்கு நேராக நான்கு நான்கு ஓட்டை போடச் சொல்லி, அதில் தோல் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து அடிப்பக்கத்தில் இழுத்துக் கட்டினோம். விரிந்த பக்கங்கள் உள்ளே வந்தன, பக்கங்கள் உள்ளே வந்ததால் நடுவும் மேலே எழுந்தது. தொய்ந்த தோல் சீட்டைத் தூக்கிப்போடும் முன்பு எல்லோரும் இதைச் செய்து பார்க்க வேண்டும், செலவு ஒரு டீ காசுக்குச் சற்று மேல்.

அப்பா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறோம், எதற்கும் அதுதான் மருந்து. ஆனால் தோல் சீட்டுக்கு எந்தத் தண்ணி எண்ணெயும் ஆகாது, உள்ளே ஊறி நாரை இளக்கித் தோலை மறுபடியும் தொய்ய வைத்துவிடும், வேட்டியிலும் கறை ஏறும். தேன்மெழுகு கலந்த, தோலுக்கென்று விற்கிற பசைதான் சரி. பூஞ்சையை உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வைத்து, அடிப்பக்கம் கொஞ்சம் தாராளமாகவும் மேல்பக்கம் மெல்லிசாகவும் தடவி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் துணியால் பளபளப்பாகத் தேய்த்தேன். இனி வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை, மழைக்கு முன்னும் பின்னும் போட்டால் போதும், அடிக்கடி போட்டால் இதுவும் தோலை இளக்கும். கலர் ஷூ பாலிஷ் வேண்டவே வேண்டாம், அப்பா உடுத்துவது வெள்ளை வேட்டி. ஸ்பிரிங் கீச்சு சத்தத்துக்கு, கழற்றித் துருவைச் சுரண்டி, சுருளின் இரண்டு முனையும் சட்டத்தில் உட்காருகிற இடத்தில் கிரீஸ் வைத்தேன், நின்றுவிட்டது.

மழைக்காலத்தில் தோல் சீட்டை நிறுத்தும்போது பிளாஸ்டிக் பை மாட்டுங்கள், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள், மாட்டியே வைத்தால் ஈரம் உள்ளே அடைந்து பூஞ்சைதான் மிஞ்சும். பின்சக்கர மட்கார்டு முழுதாக இருக்க வேண்டும், ஏனென்றால் தோலைக் கெடுக்கிற தண்ணீர் மேலேயிருந்து வருவதைவிட டயர் அடித்து அடிப்பக்கமாக ஏறுவதுதான் அதிகம். நனைந்துவிட்டால் அதன் மேல் உட்காராமல் நிழலில் தானாக உலர விடவேண்டும். வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைத்தால் விறைத்து வெடிக்கும். ரெக்சின் சீட்டுக்கு எதிரி பங்குனி, சித்திரை வெயில், பாலக்காட்டுச் சூட்டில் மேல்தோல் வெடிக்க ஆரம்பித்தால் அந்த விரிசல் வழியாக மழைத்தண்ணீர் ஃபோமுக்குள் போய், வெளியே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உட்கார்ந்ததும் பிழிந்துகொண்டு வரும். விரிசல் தெரிந்த உடனே பைக் சீட் தைக்கிற கடையில் மேலுறை தைத்துப் போட்டுவிடலாம்.

அப்பாவின் வண்டியில் கடைசியாக மாற்றியது சீட் கிளிப். பழைய வண்டிகளில் போஸ்ட்டின் மேல்முனை முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேலான 22.2 மி.மீ. குழாய், அதில் கிளிப் மாட்டிச் சீட்டை இறுக்குவார்கள். கிளிப்புக்குள் இருக்கிற பல் வைத்த தகடுகள் தேய்ந்துபோனால் எவ்வளவு இறுக்கினாலும் சீட் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். பக்கத்து வீட்டுப் பெரியப்பா சொசைட்டிக்குப் பால் கேன் கொண்டுபோகிறவர், இரண்டு வருஷமாக முதுகு வலி, மரத்துப்போகிறது, சீட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் அட்டையில் உட்காரவைத்தேன், 118. அவர் சீட் 21 செ.மீ. அகலம், நேராக நிமிர்ந்து ஓட்டுகிறவருக்கு அது தாராளம், தோலும் நன்றாகவே இருந்தது. கிளிப்தான் மழுங்கியிருந்தது, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதுக் கிளிப் மாட்டி, மூக்கை மட்டத்துக்கு மயிரிழை மேலே நிறுத்தி (தொங்கு தோல் சீட்டுக்கு அது வேண்டும், இல்லையென்றால் முன்னால் வழுக்கும்), சீட்டை இரண்டு விரல் உயர்த்திக் கொடுத்தேன். கேன் ஏற்றி ஓட்டும்போது கிளிப் நட் முதல் வாரத்தில் கொஞ்சம் இளகும், அதனால் சனிக்கிழமை வந்து மறுபடி இறுக்கிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.